பேர் போடாத பல்செட்

எங்கள் சபையில் மின்விசிறி ஓடினால் ஒருவருக்கு மட்டும் மனசு ஆறாது. அதன் மூன்று இறக்கையிலும் அவர் பேரும் 'அன்பளிப்பு' என்ற வார்த்தையும் எழுதியிருக்கின்றன. ஓடினால் யாரும் படிக்க முடியாதே! அதனால் ஆராதனை முடிந்ததோ இல்லையோ, வேர்த்துக் கொட்டுகிற ஜனங்களைப் பற்றிக் கவலைப்படாமல் சுவிட்சை அணைத்துவிட்டு, இறக்கை நிற்கிற வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். பெஞ்சின் முதுகில் அவர் பேர். தண்ணீர்த் தொட்டியில் அவர் பேர். கழிவறைக் கதவில்கூட இருக்கிறது, உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே. நிம்மதியாக அங்கேகூட இருக்க விடமாட்டார் மனுஷன்.

வெளியே அவர் மரக்கடை முதலாளி. சபைக்குள் எல்லோருக்கும் மைக் மாமா. அந்தப் பேரை வைத்தது யாரோ, அவர் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும். ஞாயிறுதோறும் பிரசங்கத்துக்கு முன்னால் எங்கள் சபையில் சாட்சி வேளை என்று ஒன்று உண்டு. நன்மை பெற்றவர்கள் முன்னால் வந்து அதைச் சொல்லவேண்டும். மைக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவர் மாமா. போன வருஷம் ஒரு விதவைக்குப் போர்வை கொடுத்தார். போர்வையின் ஒரு முனை அவர் கையில், மறு முனை அவள் கையில். போட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும் அவர் முனையை விடவே இல்லை. பிறகு, "இன்னும் கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க சிஸ்டர்" என்று, அவள் புருஷன் செத்த கதையைக் கடைசி மூச்சு வரைக்கும் கேட்டு வாங்கினார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. எழுந்து வெளியே போய் நின்றேன்.

நானும் என் வீட்டுக்காரரும் பல்செட் செய்கிறவர்கள். வீட்டின் பின்னறைதான் பட்டறை. ஒரு பக்கம் அச்சு எடுக்கிற மாவு, ஒரு பக்கம் மெழுகு, நடுவில் ராவுகிற சக்கரம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணைக் கரிக்கிற அந்த மருந்து நெடி. எங்களிடம் முன்வாசல் வழியாக வந்தவர்கள் ரொம்பக் குறைவு. பின்கதவைத் தட்டி, அக்கம்பக்கம் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு நுழைவார்கள். இந்தத் தெருவில் யார் சொந்தப் பல்லில் சிரிக்கிறார்கள், யார் எங்கள் பல்லில் சிரிக்கிறார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். தெரிந்ததைத் தின்று செரித்துவிடவேண்டும், அதுதான் இந்தத் தொழில்.

மைக் மாமாவின் வாயும் எங்கள் சரக்குதான். மேலே ஒரு செட், கீழே ஒரு செட். மரக்கடை ஒரு முறை படுத்துவிட்டது; அந்த நாளில் பல்லெல்லாம் போய், பொக்கை வாயோடு பின்கதவில் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் செய்து மாட்டிவிட்டார். "எவ்வளவு ஆச்சு பிரதர்?" என்று கேட்டதற்கு, "அது அப்புறம் பார்த்துக்கலாம், மொதல்ல வாயில நல்லா உக்காருதா பாருங்க" என்றார். அந்த 'அப்புறம்' வரவே இல்லை, இவரும் கேட்கவில்லை. கடை எழுந்த பிறகு மாமாவுக்கு அது மறந்தே போனது. என் வீட்டுக்காரருக்கும் மறந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். எனக்குத்தான் பாழாய்ப் போன ஞாபகசக்தி.

இந்த நிலையில்தான் பாட்டு டீச்சர் வந்தாள்.

பள்ளிக்கூடத்திலும் சபையிலும் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவள். என்னைவிடச் சின்னவள், நல்ல குரல், சுருக்கமான பேச்சு. ஒரு வாரமாக ஜுரம் என்று பாட வரவில்லை. பின்கதவில் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு நின்றவள், நான் உட்காரவைத்த பிறகுதான் கையை எடுத்தாள். மேல்வரிசையில் முன்பல் நான்கும் இல்லை. உதடு இன்னும் வீங்கியிருந்தது.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்கா."

"சரிம்மா," என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்காததே அவளுக்குப் போதுமாக இருந்தது போலும், அழுதுவிட்டாள்.

"பையன்கா," என்றாள். "குடிச்சிருந்தான். வேணும்னு பண்ணல. மறுநாள் காலையில என் கால்ல விழுந்து கெடந்தான். அவனே போய் குடிய நிறுத்தற சிகிச்சை இல்லத்துல சேர்ந்துட்டான்கா. நல்லாயிட்டு வர்றான்னு சொல்றாங்க. அவன் திரும்பி வந்து இதே தெருவுலதான நடக்கணும்? அம்மாவ அடிச்சவன்னு ஒருத்தர் வாயில வந்துட்டா அவன் மறுபடி குடிக்கத்தான் போவான். எனக்குப் பல்லு கெடக்கட்டும்கா. அவன் பேரு கெடக்கூடாது."

சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்ததை ராவிக்கொண்டே, "டீச்சர், இதுக்கு நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. வேற ஒருத்தருக்குன்னு செஞ்ச பல்லு பிளேட்டு ஒண்ணு சும்மா கெடக்கு. அதையே போட்டுடலாம்," என்றார்.

பல் என்ன செருப்பா, அடுத்தவர் அளவு நமக்குப் பொருந்த? உலகத்தில் இதைவிட அசட்டுப் பொய் கிடையாது. டீச்சர் அவரையும் பார்த்தாள், அச்சு எடுக்க நான் குழைத்துக்கொண்டிருந்த மாவையும் பார்த்தாள். மறுபடி பொத்திய கைக்குட்டைக்குப் பின்னால் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. "அப்படியா அண்ணா? யாரோ பாவம், என் அளவுலயே இருந்திருக்காங்க," என்று வாயைத் திறந்து காட்டினாள்.

அடுத்த வாரம் பிளேட் தயாரானது. மாட்டிக்கொண்டு மெதுவாக ஒரு அடி பாடிப் பார்த்தாள். காற்று ஒழுகவில்லை. அத்தோடு கதை முடிந்திருக்கவேண்டும்.

முடியவிடவில்லை என் தங்கச்சி. பக்கத்துத் தெருவில் இருக்கிறாள், வேலை அதிகமானால் பாலிஷ் போட்டுக் கொடுக்க வருவாள். நல்லவள்தான், ஆனால் வாய் மட்டும் ஓட்டை. டீச்சர் பின்கதவால் போவதையும், மேஜைமேல் இருந்த நாலு பல் பிளேட்டையும் பார்த்திருக்கிறாள். புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில், யாருக்காக ஜெபிக்கவேண்டும் என்று எல்லோரும் சொல்லும்போது இவள் எழுந்து ஒரு ஜெபக்குறிப்பு கொடுத்திருக்கிறாள்.

"நான் பேரே சொல்லலக்கா! ஒரு சகோதரின்னுதான் சொன்னேன்!"

"வேற என்ன சொன்ன?"

"பாட்டுச் சொல்லிக் குடுக்கறவங்கன்னு சொன்னேன். முன்பல்லு நாலுன்னு சொன்னேன். விழுந்ததா இருக்கலாம், ஆனா வேற ஏதோ வீட்டுக் கஷ்டம் மாதிரி தெரியுது, மனசுல பாரத்தோட ஜெபிச்சுக்கோங்கன்னு சொன்னேன். பேரு சொல்லலக்கா, சத்தியமா."

எங்கள் சபையில் பாட்டு டீச்சர் ஒருத்திதான். இவள் பேரை மட்டும் விட்டுவிட்டு ஆளையே தூக்கி நடுவில் வைத்திருக்கிறாள். இது இவள் ஒருத்தியின் கோளாறு அல்ல. எங்கள் ஜனங்களுக்கு வம்பு பேசுவது பாவம் என்று தெரியும், அதனால் கண்ணை மூடிக்கொண்டு பேசுவார்கள், கடைசியில் ஆமென் சேர்த்துக்கொள்வார்கள். "உனக்கெல்லாம் எதுக்குடி பல்லு, நாக்கு ஒண்ணு போதாதா?" என்று கத்தினேன். அழுதுகொண்டே போனாள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாளே பின்கதவு தட்டப்பட்டது. மைக் மாமா.

"ஸ்தோத்திரம் சிஸ்டர். நம்ம பாட்டு டீச்சர் விஷயம் கேள்விப்பட்டேன். மனசே ஒடஞ்சு போச்சு. அந்தப் பல்லுச் செலவை நான் ஏத்துக்கறேன்."

"ஏத்துக்கறதுக்கு ஒண்ணுமில்ல. செஞ்சு குடுத்தாச்சு."

"பரவாயில்ல, நான் குடுத்ததா இருக்கட்டும். அப்புறம் சிஸ்டர்..." குரலைத் தாழ்த்தினார். "இந்த பிளேட்டுக்குள்ள ஆஸ்பத்திரியில மாறிடாம இருக்க, போட்டுக்கறவங்க பேரைச் சின்னதா எழுதிப் புதைப்பீங்கல்ல? எனக்குக்கூட வச்சிருக்கீங்களே. அந்த மாதிரி அதுல 'அன்பளிப்பு'ன்னு போட்டு..."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் கூசியது. அவள் சாப்பிடும்போது, பாடும்போது, ஜெபிக்கும்போது, நாக்குக்கு மேலே இந்த ஆளின் பேர்! சீ! பெஞ்சு போதாது, கழிவறைக் கதவு போதாது, ஒரு பொம்பளையின் வாய்க்குள்ளேயும் பலகை மாட்டவேண்டுமாம்.

"யாரு படிப்பா அத?" என்று கேட்டேன்.

"கர்த்தர் படிப்பார்," என்றார் கொஞ்சமும் கூச்சமில்லாமல். "வர்ற ஞாயித்துக்கிழமை டீச்சர் சாட்சி சொல்லட்டும். பல்லு எப்படிப் போச்சு, வீட்டுல என்ன கஷ்டம், எல்லாம் ஒளிவுமறைவில்லாம சொல்லணும். அப்பத்தான் ஆசீர்வாதம்."

"உங்க பல்லு எப்படிப் போச்சுன்னு நீங்க எப்ப மாமா சாட்சி சொல்லப் போறீங்க?"

முகம் செத்துப்போனது. "சிஸ்டர், என் விஷயம் வேற," என்றார். "வீட்டுக்காரிக்கே தெரியாது."

அவர் மனைவிக்குத் தெரியாது என்பதை நான் எந்தக் காலத்திலும் நம்பவில்லை. ஆனால் 'என் விஷயம் வேற' என்று சொன்னாரே, அதை மனதாரச் சொன்னார். அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. தன் வாயில் இருப்பதே ஒரு அன்பளிப்பு, அதில் கொடுத்தவர் பேர் இல்லை, அந்த வாயை வைத்துக்கொண்டு இப்படிப் பேசுகிறார். வெளியே போகச் சொன்னேன். போகும்போதும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சனிக்கிழமை டீச்சர் வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, நீங்க சொன்னீங்களா?"

"என் வாயில இருந்து போகலம்மா. என் வீட்டுல இருந்துதான் போச்சு."

"மாமா வந்து ஒரு மணி நேரம் உக்காந்திருந்தார். வரமாட்டேன்னு சொன்னேன். பெருமை பாவம்னு சொல்றார். வீட்டுல என்ன கஷ்டம்னு கேட்டுக்கிட்டே பையன் ரூமை எட்டி எட்டிப் பாக்கறார். பையன் இன்னிக்குச் சாயங்காலம் வர்றான்கா. நாளைக்கு என்கூட சபைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான். வராதடான்னா ஏன்னு கேப்பான். வந்தா..." பிளேட்டைக் கழற்றி என் மேஜைமேல் வைத்தாள். "இது இல்லாமலே இருந்திருந்தா ஜுரம்னு சொல்லிக்கிட்டு வீட்டுலயே கெடந்திருப்பேன்."

அதைத் திரும்ப அவள் கையில் திணிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவள் போன பிறகு, "நாளைக்கு அந்த ஆள் வாயைத் திறந்தா, நான் என் வாயைத் திறப்பேன். ரெண்டு செட்டும் சும்மா வாங்கினதுன்னு மைக்குலயே சொல்றேன்," என்று குதித்தேன். என் வீட்டுக்காரர் மாவு ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டே, "சொல்லு. அப்புறம் உனக்கும் அவருக்கும் ஒரே மைக்குதான்," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் நான்காவது பெஞ்சில் இருந்தாள். பக்கத்தில் மகன். ஒல்லியாகிப் போயிருந்தான், சட்டை புதுசு, மடிப்புக் கலையவில்லை. தலை நிமிரவே இல்லை. சாட்சி வேளை வந்தது. மாமா மைக்கைத் தட்டினார்.

"நம்ம சபையில ஒரு சகோதரிக்குத் தேவன் ஒரு அற்புதம் செஞ்சிருக்கார். யார் மூலமா செஞ்சார்ங்கறது முக்கியமில்ல," என்று தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "அந்தச் சகோதரி பேரை நான் சொல்லமாட்டேன். பாட்டு டீச்சர், முன்னால வாங்க!"

த்தூ!

அவள் எழவில்லை. எல்லாத் தலைகளும் திரும்பின. "வெக்கப்படாதீங்க சிஸ்டர், வந்து எல்லாருக்கும் பல்லைக் காட்டுங்க," என்றார் மாமா. எழுந்தாள். கைக்குட்டை வாய்க்குப் போய்விட்டது. மகன் முன்பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். "எப்படிப் போச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க. வீட்டுல ஏதாவது..." என்று மைக்கை நீட்டிக்கொண்டே மாமா நடுவழியில் இறங்கி வந்தார்.

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. போய் மைக்கைப் பிடுங்கிக்கொண்டேன். மாமா என் முகத்தைப் பார்த்தார். சட்டென்று அவர் கை அவர் வாய்க்குப் போனது. டீச்சர் நிற்கிற அதே மாதிரி, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவர் பார்வையில் இருந்த பயம் எனக்குத் தெரியும். பின்கதவைத் தட்டுகிற எல்லோர் கண்ணிலும் அது இருக்கும். நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது எனக்கு. ஒரே ஒரு வாக்கியம்தான். சொல்லியிருந்தால் என் ஆத்திரம் தீர்ந்திருக்கும்.

"அந்தப் பல்லு செஞ்சது எங்க பட்டறையில," என்றேன். "டீச்சர் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. அவ்வளவுதான் விஷயம். நீங்க உக்காருங்கம்மா. இன்னொண்ணு. இத்தனை வருஷமா எத்தனையோ பேருக்குப் பல்லு செஞ்சிருக்கோம். ஒருத்தர் பேரும் என் வாயில இருந்து வந்ததில்ல. இனிமேயும் வராது."

நான் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் சபையில் பாதி உதடுகள் பட்டென்று மூடிக்கொண்டன. முன்வரிசையில் பெரிய மனுஷர்கள் இரண்டு பேர் தலையைக் குனிந்து ஜெபிக்கவே தொடங்கிவிட்டார்கள்.

பொய்தான் சொன்னேன். பலிபீடத்துக்கு எதிரே, மைக்கில். கணக்குக் கேட்கிறவர் என்னிடம் கேட்கட்டும், சொல்லிக்கொள்கிறேன். டீச்சரின் மகன் நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்தான். எனக்கு உண்மை தெரியும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. பிறகு நகர்ந்து, அம்மா உட்கார இடம் விட்டான்.

திங்கட்கிழமை பின்கதவில் மாமா. கீழ்செட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். கழுவும்போது கை தவறிக் கீழே போட்டுவிட்டாராம், விரிசல். என் வீட்டுக்காரர் வாங்கி, ஒட்டி ராவிக் கொடுத்தார். இந்த முறையும் 'அப்புறம் பார்த்துக்கலாம்'தான். மாமா வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. பரவாயில்லையே, மனுஷன் கொஞ்சம் திருந்திவிட்டார் போலிருக்கிறதே என்று நான்கூட நினைத்துவிட்டேன்.

கீழ்செட்டை மாட்டிக்கொண்டு பல்லை இரண்டு தடவை கடித்துப் பார்த்தவர், "சிஸ்டர், நேத்து நீங்க காட்டுனீங்களே ஒரு பெருந்தன்மை, அத நான் மறக்கவே மாட்டேன்," என்றார். "அத அப்படியே விட்டுடக்கூடாது. வர்ற ஞாயித்துக்கிழமை நான் மைக்குல சாட்சியா சொல்லப் போறேன். பேர் எதுவும் போடமாட்டேன். தன் வாயால ஒரு குடும்பத்தோட மானத்தைக் காப்பாத்தின ஒரு சகோதரி, பல்செட் செய்யறவங்க..."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஜென்மத்தில் சிரிக்காத மனுஷன், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றார்.

"மாமா, வாயைத் திறங்க," என்றேன். திறந்தார். "அடடா, கடி சரியா உக்காரலயே. இந்தப் பக்கம் இன்னும் ராவணும். கழட்டுங்க. மேல்செட்டும் குடுங்க."

"மேல்செட்டு நல்லாத்தான..."

"ரெண்டும் சேர்ந்துதான கடிக்கணும்? குடுங்க மாமா."

கொடுத்தார். இரண்டையும் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு மூடிவைத்தேன். "எப்ப ஷிஷ்டர் வரட்டும்?" என்றார்.

"அடுத்த திங்கட்கிழமை வாங்க."

"ஞாயித்துக்கிழமை...?"

"அதுக்குள்ள முடியாது மாமா. வேலை நெறைய கெடக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி வேளையில் மைக் சும்மா நின்றது. யாரும் வரவில்லை. போதகர் சற்று நேரம் பார்த்துவிட்டு, பாட்டுக்குச் சைகை காட்டினார். டீச்சர் கைக்குட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு வாய் நிறையப் பாடினாள். கடைசி பெஞ்சில் அவள் மகன் மெதுவாகக் கூடச் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தான். மைக் மாமா உதட்டை உள்ளே மடித்து, கைக்குட்டையால் மூடி, சுவரோரம் ஒடுங்கியிருந்தார். "தொண்டை கட்டிக்கிச்சு, பேசவே முடியல," என்று அவர் மனைவி கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு முறை அவள் என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டியது போல இருந்தது. ஆராதனை முடிந்தும் யாரும் சுவிட்சைத் தொடவில்லை, மின்விசிறி ஜிலுஜிலுவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

என் தங்கச்சி பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். "மாமாவுக்கு என்னக்கா ஆச்சு? உனக்குத் தெரியும்ல? சொல்லேன், புதன்கிழமை கூட்டத்துல பாரத்தோட ஜெபிக்கலாம்."

"எனக்கென்னடி தெரியும்?" என்றேன். "உனக்கு அவ்வளவு பாரமா இருந்தா வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு ஜெபி."